படுத்தால்தான் பணம்: அலுவலகக் காப்பீட்டில் மனநோய்க்கு எவ்வளவு இடம்?

ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் மாதம் 20 ஆயிரம் ரூபாய் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இருக்கும் ஒரு வசதி, ஓ.எம்.ஆரில் மாதம் ஒன்றரை லட்சம் வாங்கும் மென்பொருள் பொறியாளருக்கு இல்லை. தொழிலாளி இ.எஸ்.ஐ. அட்டைக்காரர். ராத்தூக்கம் போய், வேலையில் மனம் ஒட்டாமல் மனநல மருத்துவரைப் பார்க்கப் போனால் அவருக்குச் சீட்டுக்கும் காசு இல்லை, மாத்திரைக்கும் காசு இல்லை. பொறியாளரிடம் இருப்பது அலுவலகம் எடுத்துத் தந்த ஐந்து லட்சம் ரூபாய் குரூப் இன்ஷூரன்ஸ். அதே தொல்லைக்கு அதே மாத்திரையை எழுதி வாங்கினால், பெரும்பாலான அலுவலகங்களின் பாலிசி பத்து ரூபாய்கூடத் தராது.

ஆஸ்பத்திரியில் படுத்தால் தரும்.

அந்த அளவுக்காவது வந்து சேர ஒரு சட்டமும் சில சுற்றறிக்கைகளும் நீதிமன்றக் கண்டிப்பும் தேவைப்பட்டன. அந்தக் கதையிலிருந்து தொடங்கினால்தான் மிச்சமிருக்கும் தூரம் புரியும்.

விலக்குப் பட்டியலில் ஒரு வரி

பழைய மெடிக்ளெய்ம் பாலிசியை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அதன் விலக்குப் பட்டியலைப் புரட்டிப் பார்க்கலாம். அழகு அறுவை சிகிச்சை, மலட்டுத்தன்மை, பால்வினை நோய், தனக்குத்தானே ஏற்படுத்திக்கொண்ட காயம், போதை என்று நீளும் அந்தப் பட்டியலில் மனநோயும் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும். எந்த நோய்க்கு எவ்வளவு செலவானாலும் சரி, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்கிசோஃப்ரீனியா என்றோ பைபோலார் என்றோ எழுதியிருந்தால் கிளெய்ம் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும்.

அந்த வரியை அடித்தது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, 4ஆவது உட்பிரிவு ஒரே வாக்கியம்தான். உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தரப்படுகிறதோ, அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் தருவதற்கு ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. தனிநபர் பாலிசி, குரூப் பாலிசி என்ற பாகுபாடு அந்த வாக்கியத்தில் இல்லை.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2018 ஆகஸ்ட் 16 அன்று சுற்றறிக்கை அனுப்பியது. நிறுவனங்கள் அசையவில்லை. 2019 செப்டம்பரில் விலக்குகளை ஒழுங்குபடுத்தும் வழிகாட்டுதல் வெளிவந்தது. மனநோய், மன அழுத்தம், உளவியல் கோளாறு ஆகியவற்றுக்கான சிகிச்சையை இனி விலக்கு என்று எழுதக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே சொன்னார்கள். புதிய பாலிசிகளுக்கு உடனே, பழையவற்றுக்கு ஓராண்டு அவகாசம்.

நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்த இரண்டாம் நாள், 2020 ஜூன் 16 அன்று, இதே பிரச்சினை உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. சட்டம் வந்து இத்தனை நாளாகியும் காப்பீட்டு நிறுவனங்கள் ஏன் அதைச் செயல்படுத்தவில்லை என்று வழக்கறிஞர் கௌரவ் குமார் பன்சால் தொடர்ந்த பொதுநல வழக்கில், மத்திய அரசுக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.க்கும் நோட்டீஸ் போனது.

அடுத்த ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்குதான் உண்மையில் கதவைத் தட்டித் திறந்தது. ஸ்கிசோஅஃபெக்டிவ் கோளாறுக்காக 2020இல் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்ற ஒரு பெண், பொதுத்துறை நிறுவனமான நேஷனல் இன்ஷூரன்ஸில் கிளெய்ம் போட்டார். பாலிசியில் மனநோய் விலக்கு இருக்கிறது என்று பதில் வந்தது. 2021 ஏப்ரல் 19 அன்று தீர்ப்பளித்த நீதிபதி பிரதிபா எம். சிங், சட்டம் அமலுக்கு வந்த நாளிலிருந்தே நிறுவனத்துக்குக் கடமை பிறந்துவிட்டது, பழைய வரியைக் காட்டி அதிலிருந்து நழுவ முடியாது என்றார். சட்டத்தைச் செயல்படுத்த வைக்கும் பொறுப்பு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.க்கும் உண்டு என்று இடித்துரைத்தார்.

அதே நீதிமன்றத்துக்கு அதே ஆண்டு வந்த இன்னொரு மனு, நிறுவனங்களின் அடுத்த உத்தியைக் காட்டியது. மனுதாரரின் பாலிசி 35 லட்சம் ரூபாய்க்கானது. மனநோய் என்றால் மட்டும் உச்சவரம்பு 50 ஆயிரம் ரூபாய்! விலக்கு என்ற சொல் போய், வரம்பு என்ற சொல் வந்து உட்கார்ந்திருந்தது.

கடைசியாக 2022 அக்டோபர் 18 அன்று ஆணையம் மீண்டும் ஒரு சுற்றறிக்கை விட்டது. எல்லாப் பாலிசிகளிலும் மனநோய்க்கு இடம் இருக்க வேண்டும், அக்டோபர் 31க்குள் செய்து முடியுங்கள் என்று 13 நாள் கெடு. சட்டம் அமலுக்கு வந்து அப்போது நான்கு ஆண்டுகள் தாண்டியிருந்தன.

கட்டில் வரைக்கும் சமத்துவம்

குரூப் பாலிசி என்பது ஊழியரின் கையில் இருக்கும் ஒப்பந்தம் கிடையாது. மாஸ்டர் பாலிசி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். ஊழியரும் அவர் குடும்பமும் அதன் பட்டியலில் பெயர்கள். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும் நேரத்தில் ஹெச்.ஆர். துறை, புரோக்கர், காப்பீட்டு நிறுவனம் மூன்று பேரும் பேசி, என்ன உண்டு, என்ன இல்லை என்று முடிவு செய்வார்கள். போன ஆண்டு எத்தனை கிளெய்ம் வந்ததோ அதைப் பொறுத்துப் பிரீமியம் ஏறும், இறங்கும். கிளெய்ம்களைக் கையாள நடுவில் டி.பி.ஏ. என்ற முகமை ஒன்று இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் மனநோயாளிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. தனிநபர் பாலிசி கேட்டு விண்ணப்பித்தால், 'ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறேன்' என்ற ஒரு வரியே விண்ணப்பத்தை இழுத்தடிக்கப் போதும். கிடைத்தாலும், முன்பே இருந்த நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லலாம். குரூப் பாலிசியில் பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனை கிடையாது, முன்பே இருந்த நோய்க்கும் சேர்ந்த முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டு. பத்து வருடமாக பைபோலாருக்கு மாத்திரை சாப்பிடுகிறவரும் வேலையில் சேர்ந்த மறுநாள் அட்மிட் ஆனால் கேஷ்லெஸ் கேட்கலாம்.

சிக்கல் 'அட்மிட்' என்ற சொல்லில் இருக்கிறது. பாலிசியின்படி மருத்துவமனையில் குறைந்தது 24 மணி நேரம் படுத்திருக்க வேண்டும். தகுதிபெற்ற மனநல மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். பல பாலிசிகள், மாநில மனநல ஆணையத்தில் பதிவுபெற்ற மனநல நிலையமாக இருந்தாக வேண்டும் என்றும் கேட்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் சர்வதேச நோய்ப் பட்டியலின் குறியீடு இருக்கும். எஃப் 32 என்றால் மனச்சோர்வு, எஃப் 20 என்றால் ஸ்கிசோஃப்ரீனியா. இவை எல்லாம் பொருந்தினால் அறை வாடகை, மருந்து, மருத்துவர் கட்டணம் கிடைக்கும். பல பாலிசிகளில் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவும் சேரும்.

இனி, மனச்சோர்வு வந்த பொறியாளர் ஒருவரின் ஓராண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்க ஆயிரம் ரூபாய், மாத்திரைக்கு ஐந்நூறு என்று வைத்தால் ஆண்டுக்கு 18 ஆயிரம். கூடவே உளவியல் நிபுணரிடம் பேச்சுச் சிகிச்சை. அமர்வுக்கு 1,500 ரூபாய் வீதம் 16 அமர்வுகளுக்கு 24 ஆயிரம். மொத்தம் 42 ஆயிரம் ரூபாய். ஒழுங்காகச் சிகிச்சை எடுத்து, ஒரு நாளும் லீவு போடாமல் வேலைக்குப் போய்த் தேறிவிட்டால் காப்பீட்டிலிருந்து வரும் தொகை பூஜ்யம். செலவுக்குப் பயந்து சிகிச்சையை நிறுத்தி, நோய் முற்றி, வீட்டார் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தால் அன்றைக்கு ஐந்து லட்சமும் திறந்துகொள்ளும்.

இது அநியாயம் என்று சொன்னால் காப்பீட்டுத் துறையினர் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிக்கும் மாதாந்திர மாத்திரைக்குப் பணம் தருவதில்லையே! உடல்நோய்க்கு என்ன அடிப்படையோ அதே அடிப்படை என்றுதானே சட்டம் சொல்கிறது? வெளிநோயாளிச் செலவு யாருக்கும் இல்லை, ஆகவே மனநோய்க்கும் இல்லை. சிறு சிறு பில்களாக ஆயிரக்கணக்கில் வந்தால் அவற்றைச் சரிபார்க்கிற செலவே பில் தொகையைத் தாண்டும் என்பதும் அவர்கள் வாதம்.

எழுத்தில் பார்த்தால் வாதத்தில் ஓட்டை இல்லை. ஆனால் இதயநோய், சிறுநீரகக் கல், எலும்பு முறிவு என்று உடல்நோய்களின் பெரிய செலவு பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் நடக்கிறது. மனச்சோர்வு, பதற்றக் கோளாறு போன்றவற்றுக்குச் சிகிச்சை நடப்பது மருத்துவருக்கு எதிரே போட்டிருக்கும் நாற்காலியில். கட்டிலுக்கு மட்டும் சமத்துவம் கொடுத்தால், பாதிக்கப்பட்டவர்களில் மிகச் சிலருக்கே அது உதவும். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது தெரியவந்தது. கோளாறின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வரவில்லை.

குடிக்கு மட்டும் வேறு விதி

சட்டமும் ஒழுங்குமுறை விதியும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் என்பதற்கு வரையறை சொல்லும்போது மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் அதற்குள் சேர்க்கிறது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019இல் வகுத்த நிலையான விலக்குகளின் பட்டியலில் 12ஆவது என்ன தெரியுமா? குடி, போதை, அவற்றால் வரும் விளைவுகளுக்கான சிகிச்சை. அதாவது சட்டத்தின் கண்ணில் நோய், பாலிசியின் கண்ணில் விலக்கு.

குடிநோய்க்குச் சிகிச்சை பெறாதோர் 86 சதவீதம் என்பது நிம்ஹான்ஸ் ஆய்வு சொன்ன கணக்கு. மறுவாழ்வு மையத்தில் மாதக் கணக்கில் தங்குவதற்கு ஆகும் செலவைக் குடும்பம் நகையை வைத்துத்தான் கட்டுகிறது.

தற்கொலை முயற்சி விஷயத்திலும் இதே முரண்தான். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது சட்டத்தின் 115ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவு அப்படியே இடம்பெறவில்லை. தண்டனைச் சட்டமே கைவிட்ட பிறகும், 'தனக்குத்தானே ஏற்படுத்திக்கொண்ட காயம்' என்ற விலக்கைச் சில பாலிசிகள் இன்னும் விடவில்லை.

1948இன் சட்டம் தரும் பாடம்

1948இன் சட்டத்தில் பிறந்த இ.எஸ்.ஐ. என்றதும் நீண்ட வரிசையும் தீர்ந்துபோன மருந்தும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்தக் குறைகள் உண்மையானவை. ஆனால் திட்டத்தின் வடிவம் இன்றைய பளபளக்கும் குரூப் பாலிசிகளைவிட மனநோய்க்குப் பொருத்தமானது.

மாதச் சம்பளம் 21 ஆயிரம் ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருகிறார்கள். தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார்கள். காப்பீட்டுத் தொகைக்கு உச்சவரம்பு என்ற பேச்சில்லாமல் வெளிநோயாளிச் சிகிச்சை, மருந்து, உள்நோயாளிச் சிகிச்சை மூன்றும் உண்டு. உடம்பு முடியாமல் லீவு போட்டால், ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும்.

இதற்கு மேல்தான் விசேஷம். காசநோய், புற்றுநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இரண்டு ஆண்டுகள் வரை 80 சதவீதச் சம்பளம் தரும் ஏற்பாடு இ.எஸ்.ஐ.யில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஸ்கிசோஃப்ரீனியா, கடும் மனச்சோர்வு, பித்தும் சோர்வும் மாறிவரும் நோய், டிமென்ஷியா ஆகிய நான்கும் இருக்கின்றன. மனநோயாளிக்கு மருந்தைப் போலவே வருமானமும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பது அந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதற்கு இணையான சம்பளப் பாதுகாப்பு மருத்துவ குரூப் பாலிசியில் கிடையாது. மெடிக்கல் லீவு தீர்ந்ததும் சம்பளம் இல்லாத லீவுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சம்பளம் உயர்ந்து 21 ஆயிரத்தைத் தாண்டினால், அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் தொழிலாளி இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே வந்துவிடுவார். நிறுவனம் நல்ல நிறுவனமாக இருந்தால் குரூப் பாலிசியில் சேர்க்கும். பதவி உயர்வோடு, இலவசமாகக் கிடைத்துவந்த மனநல மாத்திரைக்குக் கைக்காசு போடும் வாழ்க்கையும் தொடங்கும்.

அமெரிக்கா கற்ற பாடம்

முதலாளி தரும் மருத்துவக் காப்பீடே பெரும்பாலோருக்கு வழி என்று இருக்கும் நாடு அமெரிக்கா. மனநோய்க்குச் சமத்துவம் என்ற போராட்டம் அங்கே தொடங்கிப் பல காலமாகிறது. நியூ மெக்சிகோவின் குடியரசுக் கட்சி செனட்டர் பீட் டொமெனிசியின் மகளுக்கு ஸ்கிசோஃப்ரீனியா. மின்னசோட்டாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் பால் வெல்ஸ்டோனின் அண்ணன் மனநோயால் அவதிப்பட்டவர். எதிரெதிர்க் கட்சிக்காரர்களான இந்த இருவரும் சேர்ந்து 1996இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அது ஆண்டு வரம்பு, ஆயுள் வரம்பு ஆகிய தொகைகளை மட்டும் சமப்படுத்தியது. நிறுவனங்கள் தொகையைத் தொடாமல் மருத்துவரைப் பார்க்கும் தடவைகளைக் குறைத்தன.

வெல்ஸ்டோன் 2002இல் விமான விபத்தில் இறந்தார். விரிவான சட்டம் 2008 அக்டோபரில், வங்கிகளைக் காப்பாற்றக் கொண்டுவந்த அவசர மசோதாவின் முதுகில் ஏறி நிறைவேறியது. அதற்கு இருவர் பெயரையும் வைத்தார்கள். அதன் விதிமுறை காப்பீட்டுப் பலன்களை ஆறு கூறுகளாகப் பிரிக்கிறது. வெளிநோயாளிச் சிகிச்சை, மருந்து, அவசரச் சிகிச்சை ஒவ்வொன்றிலும் மனநோயும் உடல்நோயும் தனித்தனியே ஒப்பிடப்படும். அங்கே உடல்நோய்க்கு வெளிநோயாளிச் செலவு ஏற்கெனவே காப்பீட்டில் இருப்பதால், சமத்துவம் என்றதும் மனநோய்க்கும் அது வந்து சேர்ந்தது. இந்தியாவில் உடல்நோய்க்கே அது இல்லாததால், சமமாகப் பிரித்துக் கொடுக்க எதுவும் இல்லை.

அமெரிக்காவிலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. சிகிச்சை 'மருத்துவரீதியாகத் தேவையா' என்று நிறுவனமே முடிவெடுப்பது, பட்டியலில் பெயர் மட்டும் இருந்து நேரம் கொடுக்காத மருத்துவர்கள் என்று புதிய தடைகள் முளைத்தன. யுனைடெட் பிஹேவியரல் ஹெல்த் நிறுவனம் அளவுக்கு மீறிக் குறுகலான உள்விதிகளை வைத்து மறுத்தது என்று 2019இல் கலிஃபோர்னியாவின் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அதன் பெரும்பகுதி நிற்கவில்லை. 2024 செப்டம்பரில் அரசு விதிகளை இறுக்கியது. 2025 மே மாதம் புதிய அரசு, அந்தப் புதிய பகுதிகளை இப்போதைக்கு அமல்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தது.

ஹெச்.ஆருக்குத் தெரிந்துவிடுமா?

பணம் கிடைக்கும் என்று தெரிந்தும் கிளெய்ம் போடாதவர்கள் இருக்கிறார்கள். காரணம் பயம். ரீஇம்பர்ஸ்மென்ட் பேப்பர்களை அலுவலக உதவி மேசை வழியாகக் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் தொடர்கிறது. டி.பி.ஏ., வேலை தரும் நிறுவனத்துக்கு அனுப்பும் கிளெய்ம் அறிக்கையில் நோய் வகைவாரியாகக் கணக்கு இருக்கலாம். நாற்பது பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் 'மனநோய்: 1' என்று ஒரு வரி வந்தால், அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிக்க எத்தனை நேரமாகும்? சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று மனநலச் சட்டத்தின் 23ஆவது பிரிவு சொல்கிறது. மனநோயைக் காரணம் காட்டிப் பதவி உயர்வைத் தட்டிவிட்டார்கள் என்று நிரூபிப்பதோ குதிரைக்கொம்பு.

இன்னொரு பயம் வேலை போவது பற்றியது. குரூப் பாலிசி கடைசி வேலைநாளோடு முடிகிறது. வேலையிழப்பே மனத்தை உலுக்கும் நேரத்தில் காப்பீடும் கூடவே போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளவும், ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் விதிகளில் இடம் உண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டது என்ற நிபந்தனையோடு. ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் பரபரப்பில் இதைப் பலரும் கேட்பதில்லை, ஹெச்.ஆரும் சொல்வதில்லை.

நாற்காலிக்கும் பணம் கேட்கலாம்

வெளிநோயாளிச் செலவையும் தருவது நிறுவனங்களுக்குத் தர்ம காரியம் மட்டும் இல்லை. ஊழியர்களின் மனநலக் குறைவால் இந்திய முதலாளிகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 கோடி டாலர் இழப்பு என்று 2022இல் டெலாய்ட் மதிப்பிட்டது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலைநாட்களை இழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

பல பெரிய அலுவலகங்கள் இதற்குச் செய்திருப்பது, தொலைபேசிக் கவுன்சலிங் சேவை ஒன்றை வாங்கி ஊழியர்களுக்கு நம்பர் கொடுப்பது. ஆண்டுக்குச் சில அமர்வுகள் இலவசம். பேச ஒரு குரல் கிடைப்பது நல்லதுதான். அதில் மருந்து எழுதித் தர மாட்டார்கள், அமர்வுகள் தீர்ந்தால் ஊழியர் சொந்தக் காசில் தொடர வேண்டும். அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் இலவசமாக இயங்குகிறது.

தொலைபேசிக் கவுன்சலிங்கைவிட உருப்படியான வழி, குரூப் பாலிசியில் வெளிநோயாளிச் செலவுக்கான கூடுதல் இணைப்பைக் கேட்பது. ஆளுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்து, மனநல மருத்துவர், உளவியல் நிபுணர், மருந்து மூன்றையும் அதில் சேர்க்கலாம். இது பேச்சுவார்த்தையில் கிடைப்பது. கேட்காத அலுவலகத்துக்குத் தானாக வராது. பாலிசி புதுப்பிக்கப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஹெச்.ஆர். புரோக்கரிடம் விலை கேட்கும் காலம்தான் ஊழியர்கள் வாய்திறக்க வேண்டிய காலம். மனநோய்க்குத் தனி வரம்பு இருக்கிறதா, போதை விலக்கைத் தளர்த்த முடியுமா, டி.பி.ஏ.வின் அறிக்கையில் நோயின் பெயர் வராமல் செய்ய முடியுமா என்ற மூன்று கேள்விகளையும் அப்போதே கேட்டுவிடலாம்.

அட்மிட் ஆகியும் மனநோய் என்பதற்காகவே கிளெய்ம் மறுக்கப்பட்டால், முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலும், பதில் திருப்தியில்லாவிட்டாலும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. குரூப் பாலிசி ஊழியர்களின் புகாரையும் எடுத்துக்கொள்வார்கள். மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. 50 லட்சம் ரூபாய் வரை வழங்கும் உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். மனுவோடு டிஸ்சார்ஜ் சம்மரி, மறுப்புக் கடிதம், பாலிசி நகல் மூன்றையும் இணைத்து, சட்டத்தின் 21(4)ஆவது பிரிவையும் 2022 அக்டோபர் 18ஆம் தேதிச் சுற்றறிக்கையையும் முதல் பத்தியிலேயே குறிப்பிடுவது நல்லது.